பெரியம்மாவுக்குப் பதிலாக மீசை

குழந்தைகள் இல்லத்து நிர்வாகத்துக்கு ஒரு நாள் காலையில் திடீரென்று நன்றியுணர்ச்சி பொங்கியது. சும்மா பொங்கவில்லை. வேறொரு ஊரிலிருக்கும் இன்னொரு இல்லம் தன்னுடைய பழைய ஊழியர் ஒருவருக்குப் பாராட்டு விழா எடுத்து, அந்தப் படம் பத்திரிகையில் வந்துவிட்டது. படத்தில் அந்த இல்லத்தின் தலைவர் முழு முகத்துடனும், பாராட்டப்பட்ட ஊழியர் ஒரு காதுடனும் தெரிந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து நம் இல்லத்துத் தலைவருக்கு டீ இறங்கவில்லை.

"நம்மகிட்டயும் பழைய ஆளுங்க யாராவது இருப்பாங்கல்ல? தேடிப் பாருங்க," என்று செயலாளர் அம்மாவிடம் சொன்னார்.

தேடினார்கள். தேடியதில் ஒரு சங்கடமான விஷயம் வெளியே வந்தது. வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஒரு வருடம், இரண்டு வருடத்தில் தலைதெறிக்க ஓடியிருக்கிறார்கள். ஓடாமல் நின்றது ஒரே ஒரு ஆள். பொடிசுகளின் படுக்கைக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிற பெரியம்மா. அது குழந்தைகள் வைத்த பெயர். இருபது வருடத்துக்கு மேலாக அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. தலைவரும் அப்படித்தான் கூப்பிடுவார். அவளுடைய சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் அவர் செயலாளரைப் பார்ப்பார், செயலாளர் கூரையைப் பார்ப்பாள்.

ஒரே ஒருத்தியிலிருந்து ஒருத்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டுமல்லவா, அதற்காக ஒரு குழு போட்டார்கள். குழு கூடியது, கலைந்தது, மறுபடி கூடியது. வேறு தகுதியான ஆள் கிடைத்துவிடுவாரோ என்கிற நம்பிக்கை அவர்களுக்குக் கடைசிவரை இருந்தது. கூட்டத்துக்கு டீ கொண்டுபோனது பெரியம்மாதான். அவள் தட்டோடு உள்ளே நுழைந்ததும் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். என்னவோ தப்பு நடந்துவிட்டது, வேலையிலிருந்து தூக்கப் போகிறார்கள் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். பெட்டியைக்கூடத் தூசி தட்டி வைத்தாள்.

அவளுக்கும் நிர்வாகத்திடம் கேட்க ஒரு காரியம் இருந்தது. தூக்குவதற்கு முன்னால் கேட்டுவிடலாம் என்று செயலாளர் அறைக்குப் போனாள்.

"மேடம், எனக்கு ஒரே ஒரு நாள் லீவு வேணும். பொண்ணுக்குக் கல்யாணம்."

"யார் பொண்ணுக்கு?"

"என் பொண்ணுக்குத்தான் மேடம்."

செயலாளர் பேனாவைக் கீழே வைத்தாள். "உங்களுக்குப் பொண்ணு இருக்கா? சொல்லவே இல்லையே!"

சொல்லாமல் என்ன? வேலைக்குச் சேர்ந்த அன்றே கையில் குழந்தையோடுதான் வந்தாள். புருஷன் போய்விட்ட சமயம் அது. அம்மா உயிரோடு இருக்கிற பிள்ளைக்குக் குழந்தைகள் இல்லத்தில் இடம் கிடையாது என்று அப்போதைய செயலாளர் விதியைப் படித்துக் காட்டினார். அதனால் பிள்ளையைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு, ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தலை வாரிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கும் சாயங்காலப் பாலுக்கும் நடுவில் ஒரு பஸ்ஸைப் பிடித்துப் போய், மகளைப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாள். மகளின் பள்ளிக்கூட ஆண்டு விழா ஒன்றுக்கும் போனதில்லை. ஒவ்வொரு முறையும் லீவு கேட்பாள். ஒவ்வொரு முறையும், "உங்களுக்குப் பதில் ஆள் யாரு?" என்று கேட்பார்கள். அதோடு இவள் திரும்பி வந்துவிடுவாள்.

இந்தத் தடவை மகள் போனிலேயே சொல்லிவிட்டாள்: "அம்மா, நீ வராம நான் கையெழுத்துப் போட மாட்டேன். பதிவு ஆபீஸ்ல பேனாவைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருப்பேன். மாப்பிள்ளைக்கு வயசானாலும் பரவாயில்லை. அங்க ஒரு டஜன் பேருக்கு அம்மாவா இருக்கே. எனக்கு மட்டும் போன்ல அம்மா."

பெரியம்மாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. என்ன ஆனாலும் போயே தீருவது என்று முடிவு செய்துகொண்டுதான் செயலாளரின் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"எந்தத் தேதி?" என்று செயலாளர் கேட்டாள். சொன்னதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அட, என்ன பொருத்தம்! அதே நாள்தான் உங்களுக்குப் பாராட்டு விழா!"

"எனக்கா? எதுக்கு மேடம்?"

"நீண்டகாலத் தன்னலமற்ற சேவை விருது. இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட லீவு எடுக்காத ஊழியருக்கு. விதியே அதுதான்."

"நான் கேட்டேன் மேடம். நீங்க கொடுக்கல."

"அதேதான் சொல்றேன். எடுக்கலல்ல?"

பெரியம்மா விடவில்லை. விழாவை வேறு நாளைக்கு வைக்கக் கூடாதா என்று கேட்டாள். சிறப்பு விருந்தினருக்கு அந்த ஒரு நாள்தான் ஒழிகிறதாம். அவர் ஊரிலேயே பெரிய பூட்டுக் கம்பெனி முதலாளி. அப்படியானால் விருதே வேண்டாம், லீவு மட்டும் போதும் என்றாள்.

செயலாளர் சிரித்தாள். "பாத்தீங்களா, இந்தத் தன்னடக்கத்துக்குத்தான் உங்களைத் தேர்ந்தெடுத்தோம். இதை அப்படியே மேடையிலயும் சொல்லுங்க. ஒத்திகைல சேத்துக்கலாம்."

ஒத்திகை என்றால் விளையாட்டில்லை. தினமும் காலையிலும் சாயங்காலமும் பெரிய கூடத்தில். பாராட்டப்படுகிறவர் மேடையில் செய்ய வேண்டியவை என்று குழு மூன்றைத் தீர்மானித்திருந்தது. முதலில் ஆச்சரியம், அடுத்தது அடக்கம், கடைசியில் ஆனந்தக் கண்ணீர். இந்த வரிசை மாறக் கூடாது.

பெரியம்மாவை ஓர் ஓரத்தில் நிறுத்தி, மைக்கில் அறிவித்தார்கள். அவள் நேராக நடந்து மேடைக்கு வந்து நின்றாள்.

"ஆச்சரியம் எங்கே?" என்று செயலாளர் கத்தினாள். "உங்களுக்குத்தான் விருதுன்னு உங்களுக்கே தெரியாது!"

"அதோ, பேனர்ல என் போட்டோ இருக்கே மேடம்."

இருந்தது. வாசல் உயரத்துக்குத் தலைவரின் படம், அவருக்குக் கீழே பூட்டுக் கம்பெனிக்காரரின் படம், மூலையில் தபால்தலை அளவுக்குப் பெரியம்மா. அதைப் பார்க்காத மாதிரி வந்து ஆச்சரியப்படச் சொன்னார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு நடந்துவந்து மைக்கில் முட்டிக்கொண்டாள். ஆச்சரியம் ஓரளவு வந்தது.

ஆனந்தக் கண்ணீர்தான் வந்து தொலையவில்லை. எதையாவது சோகமாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மகளை நினைத்தால் கோபம் வந்தது, அழுகை வரவில்லை. சமையல்கட்டிலிருந்து வெங்காயம் வரவழைத்து மூக்குக்கு நேராக நறுக்கினார்கள். செயலாளர் அழுதாள், ஒலிபெருக்கிக்காரர் அழுதார், வெங்காயம் கொண்டுவந்த சமையல்காரர்கூட மூக்கை உறிஞ்சினார். பெரியம்மாவின் கண் மட்டும் வறண்டு கிடந்தது. நறுக்கின வெங்காயத்தை வீணாக்க வேண்டாமே என்று அவள் கவலைப்பட்டாள்.

அவள் இங்கே ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பொடிசுகளின் கூடத்தில் ராஜ்ஜியம் மாறிவிட்டது. திரும்பிப் போய்ப் பார்த்தால் பற்பசையால் சுவர் பூராவும் கோலாகலமான ஓவியங்கள். தலையணை ஒன்று வயிறு கிழிந்து கிடந்தது, பஞ்செல்லாம் மின்விசிறியில் சுற்றிக்கொண்டிருந்தது. இருப்பதிலேயே குட்டியான சுண்டு, காலில் ஒரு ஷூவும் கையில் ஒரு ஷூவுமாக வாசலிலேயே உட்கார்ந்து வீம்பு பிடித்துக்கொண்டிருந்தாள். வேறு யார் ஷூ மாட்டிவிட்டாலும் அவளுக்கு ஆகாது, கழற்றி வீசிவிடுவாள்.

"எங்க போனே?" என்றாள் சுண்டு.

"என்னைப் பாராட்டப் போறாங்களாம் கண்ணு."

"நீ என்ன தப்பு செஞ்சே?"

பெரியம்மா ஷூவை வாங்கி மாட்டிவிட்டாள்.

சுவரைப் பார்த்த குழு அவசரமாகக் கூடியது. பெரியம்மா ஒத்திகைக்கு வந்தால் பொடிசுகள் கட்டடத்தையே பிரித்துவிடும். வராவிட்டால் ஒத்திகை நடக்காது. ஒத்திகை நடக்காவிட்டால் விழா சொதப்பிவிடும். நீண்ட விவாதத்துக்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒத்திகையில் பெரியம்மாவின் இடத்தில் வேறு யாராவது நிற்கட்டும். அவள் பொடிசுகளைப் பார்த்துக்கொள்ளட்டும். இல்லத்தில் பகல் பூராவும் சும்மா உட்கார்ந்திருப்பவர் யார் என்று யோசித்ததில், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வாசல் காவலாளியின் ஞாபகம் வந்தது.

காவலாளிக்கு எல்லோரும் வைத்த பெயர் மீசை. முகத்தில் வேறெதையும் கவனிக்க முடியாது. வேலைக்கு வந்து வருடம் ஒன்றுகூடச் சரியாக முடியவில்லை. ஆனால் ஆள் மேடைக்கென்றே பிறந்தவர் என்பது முதல் ஒத்திகையிலேயே தெரிந்துபோயிற்று. மைக்கில் அறிவித்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "நானா?" என்று பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். மேடை ஏறும்போது நடுப்படியில் தடுமாறினார். "எனக்கெதுக்குங்க இதெல்லாம்?" என்று மூன்று தரம் மறுத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, தோள் குலுங்க, பொலபொலவென்று கண்ணீர் விட்டார். மீசை நனைந்து தொங்கியது.

கூடமே கைதட்டியது. "இதுதாங்க சேவை!" என்று தலைவர் தழுதழுத்தார்.

பெரியம்மா அன்றே மறுபடியும் செயலாளர் அறைக்குப் போனாள். அவள் மனசில் ஒரு கணக்கு ஓடியிருந்தது, நியாயமான கணக்குதான்.

"மேடம், எனக்குப் பதில் ஆள் இல்லன்னுதானே லீவு இல்லன்னீங்க? இப்ப மீசை இருக்காரே. விழாவுல அவரே நிக்கட்டும். நான் காலைல போயிட்டு சாயங்காலம் வந்துடறேன்."

"அது வேற, இது வேற," என்றாள் செயலாளர். "அவரு உங்களைப் பாராட்டறதுக்குப் பதில் ஆள். உங்க வேலைக்குப் பதில் ஆள் இல்ல. குழந்தைங்களை யாரு பாப்பாங்க?"

"மீசை பாக்கட்டுமே?"

"அவருக்கு ஒத்திகை இருக்கே!"

அதற்குமேல் என்ன பேசுவது? பெரியம்மா வெளியே வந்தாள். அன்று சாயங்காலம் மகள் போன் செய்தபோது, வருவேன் என்றும் சொல்ல முடியாமல், வரமாட்டேன் என்றும் சொல்ல வாய் வராமல், "சாப்பிட்டியாம்மா?" என்று நாலு தரம் கேட்டாள். மகளுக்குப் புரிந்துவிட்டது. "சரிம்மா, வெக்கிறேன்," என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நாளாக ஆக மீசையிடம் மாற்றம் தெரிந்தது. முதலில் நடை தளர்ந்தது. கேட்டைத் திறக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "எத்தனை வருஷ உழைப்பு சார், உடம்பு தாங்குமா?" என்று பால்காரரிடம் பெருமூச்சு விட்டார். வீட்டில் அவர் சம்சாரம் அவரை உட்கார வைத்துக் காலைப் பிடித்துவிடுகிறாளாம். இத்தனை நாளாக இந்தத் தியாகியைப் புரிந்துகொள்ளாமல் இருந்துவிட்டேனே என்று அவள் வேறு தனியாக அழுகிறாளாம். ஒரு நாள் பெரியம்மாவைக் கூடத்து வாசலில் நிறுத்தி, "உங்களுக்குத் தெரியாது பெரிம்மா, இந்தப் பிள்ளைங்களுக்காக நான் என் வாழ்க்கையையே..." என்று ஆரம்பித்தவர், யாரிடம் பேசுகிறோம் என்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

விழாவுக்கு முந்தின நாள் முழு ஒத்திகை. பெரியம்மா ஈரத் துண்டோடும் இடுப்பில் சுண்டுவோடும் கூடத்துக் கதவோரம் வந்து நின்று பார்த்தாள். மேடை நடுவில் சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலி, அதில் மீசை. தலைவர் பேச்சைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இவங்களுக்கு விருது கொடுக்கறதா நாம நினைக்கலாம். இல்லவே இல்ல! இவங்க பேரைச் சொல்லி நமக்கு நாமே கொடுத்துக்கறோம். இந்த இல்லத்துல இவங்க இடத்தை," என்று சொல்லி மீசையின் தோளில் கை வைத்தார், "வேற யாராலயும், எந்தக் காலத்துலயும் நிரப்ப முடியாது!"

மீசை சரியான இடத்தில் விம்மினார். தலைவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதவோரத்தில் நின்ற பெரியம்மாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மற்றவர்கள் கைதட்டுகிறார்களே என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவளும் தட்டினாள்.

பிறகு செயலாளர் மைக்கை வாங்கி எல்லா ஊழியர்களுக்கும் உத்தரவு போட்டாள். "நாளைக்கு ஒரு நாள் நம்ம பெரியம்மாதான் இந்த இல்லத்துக்கு ராணி. அவங்க சொல்றதுதான் சட்டம். வேன் அலங்காரம் பண்ணி வாசல்ல நிக்கும். டிரைவர், கேட்டுக்கோங்க, அவங்க எங்க போகச் சொல்றாங்களோ, மறுபேச்சு பேசாம அங்க போகணும்!"

இது விழா முடிந்ததும் கட்டடத்தைச் சுற்றி ஊர்வலம் போவதற்காகச் சொன்னது. ஆனால் வேன் டிரைவர் நேரான மனுஷன். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். "சரிங்க மேடம்," என்று தலையை ஆட்டிவைத்தார்.

விழா நாள் விடிந்தது. பெரியம்மா இருப்பதிலேயே நல்ல உடையை எடுத்து உடுத்திக்கொண்டாள். பொடிசுகளைக் குளிப்பாட்டி, தலைவாரி, சீருடை மாட்டி, ஒவ்வொன்றின் கையிலும் காகிதப் பூ கொடுத்து வரிசையாக நிறுத்தினாள். நன்றிப் பாட்டு பாட வேண்டியவர்கள் அவர்கள்தான். விடிந்ததிலிருந்து அவளுக்கு மகளின் நினைப்புதான். இந்நேரம் தங்கச்சி அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பாள். போட்டோவில் நிற்கும்போது அம்மாவுக்கென்று ஓர் இடம் விட்டு நிற்பாளோ என்னவோ. சரி, மேடையில் ஏறிக் கேடயத்தை வாங்கிக்கொண்டு, நாலு வார்த்தை சொல்லிவிட்டு, கையில் கேடயத்தோடு அப்படியே பஸ் ஏறிவிடலாம் என்று அவள் எண்ணியிருந்தாள்.

பெரிய கூடத்துக்குப் போனால் செயலாளர் வழிமறித்தாள்.

"நீங்க எங்க வர்றீங்க?"

"விருது வாங்க மேடம்."

செயலாளர் அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள். குரலைத் தணித்துக்கொண்டாள். "தப்பா நினைச்சுக்காதீங்க. ஒத்திகை பூராவும் மீசைக்குத்தான். லைட்டு அவரு உயரத்துக்கு வெச்சாச்சு. நாற்காலி அவரு அளவு. போட்டோக்காரர் அவர் முகத்துக்குப் பழகிட்டாரு. நீங்க நடுவுல வந்தா எல்லாம் குழம்பிடும். அதோட உங்களுக்கு அழுகையும் வராது."

"அப்ப நான்?"

"நீங்க வழக்கம்போலக் குழந்தைங்களைப் பாத்துக்கோங்க. அதானே உங்க பெருமை! கேடயத்தை அப்புறம் மீசைகிட்ட வாங்கிக்கலாம்."

பெரியம்மாவுக்கு உள்ளே எதுவோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. வருத்தமா என்றால் இல்லை. இத்தனை வருடமாகத் தூக்கிக்கொண்டு நின்ற மூட்டையை யாரோ வந்து வாங்கிக்கொண்ட மாதிரி ஒரு லேசு.

"சரிங்க மேடம். நான் குழந்தைங்களைப் பாத்துக்கறேன்," என்றாள்.

திரும்பி வந்து வரிசையைப் பார்த்தாள். "வாங்கடா கண்ணுங்களா. வெளிய போறோம்."

"எங்க?" என்றாள் சுண்டு.

"என் பொண்ணு கல்யாணத்துக்கு."

"உனக்குப் பொண்ணு இருக்கா?"

"இருக்கு. உங்க எல்லாருக்கும் அக்கா."

வாசலில் தடுக்க யாராவது இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். குழந்தைகளை அனுமதியில்லாமல் வெளியே கூட்டிப் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் காவலாளி இருக்கிறார். காவலாளியோ மேடையில் சிம்மாசனத்தில் கடைசியாக ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்து ஜன்னல் வழியாக அவருக்கு வாசல் தெரியும். பெரியம்மாவும் பொடிசுகளும் வரிசையாகக் கேட்டைத் தாண்டுவதை அவர் பார்த்தார். பாவம், பாதி எழுந்தே விட்டார். ஆனால் எழுந்து கத்தினால் அவர் காவலாளி ஆகிவிடுவார். உட்கார்ந்தே இருந்தால் தியாகி. மீசை யோசித்தார். மெல்ல உட்கார்ந்தார். பூட்டுக் கம்பெனிக்காரர் அப்போதுதான் உள்ளே நுழைந்துகொண்டிருந்தார்.

வெளியே பலூன் கட்டிய வேன் நின்றது. டிரைவர் பெரியம்மாவைப் பார்த்தார், வேனின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த பேனரின் மூலையில் தபால்தலை அளவுப் படத்தைக் குனிந்து பார்த்தார், மறுபடியும் பெரியம்மாவைப் பார்த்தார். ஆள் சரிதான்.

"எங்க போகணும் சொல்லுங்க."

"கல்யாணப் பதிவு ஆபீஸுக்குப் போகணும் தம்பி. என் தங்கச்சி ஊருக்கு. தூரம்தான்."

"மேடம் மறுபேச்சு பேசக் கூடாதுன்னுட்டாங்க. ஏறுங்க."

தெரு நெடுக ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். பொடிசுகள் எல்லாம் ஏறி முடித்து, வேன் முனை திரும்பும்வரை விழா காதில் விழுந்துகொண்டே இருந்தது. முதலில் பூட்டுக் கம்பெனிக்காரர் பேசினார். "ஒரு நல்ல பூட்டுக்கு என்ன லட்சணம்? மாட்டின இடத்துலயே கிடக்கணும். திறந்துக்கக் கூடாது. சத்தம் போடக் கூடாது. துருப்பிடிச்சாலும் தொங்கிக்கிட்டே இருக்கணும். அப்படி ஒரு பூட்டைத்தான் இன்னிக்கு நாம பாராட்டறோம்!" கைதட்டல் கேட்டது. பிறகு தலைவரின் குரல். "இவங்க இடத்தை வேற யாராலயும், எந்தக் காலத்துலயும்..."

"யாரைச் சொல்றாங்க?" என்று சுண்டு கேட்டாள்.

"காவக்கார மாமாவை," என்றாள் பெரியம்மா. ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

அதற்கப்புறம் மேடையில் நடந்ததைச் சமையல்காரர்தான் பிற்பாடு வந்து சொன்னார். குழந்தைகளின் நன்றிப் பாட்டு என்று அறிவித்துத் திரையை விலக்கினால், அங்கே வெறும் பெஞ்சு. செயலாளர் வெளிறிப்போனாள். தலைவர் மட்டும் அசரவில்லை. மைக்கைப் பிடித்து, "வார்த்தையால சொல்ல முடியாத நன்றியைக் குழந்தைங்க மௌனத்தால சொல்றாங்க," என்றார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பூட்டுக் கம்பெனிக்காரர், இதுவரைக்கும் தான் பார்த்த குழந்தைகள் நிகழ்ச்சிகளிலேயே இதுதான் சிறப்பு என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

பதிவு அலுவலகத்தில் மகள் சொன்னபடிதான் உட்கார்ந்திருந்தாள். பேனா கையில் இருந்தது. மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டுவிட்டுக் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தான். பதிவாளர் மூன்றாவது முறையாகக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் எத்தனை நேரம்மா? பொண்ணு வீட்டுப் பக்கம் சித்தியைத் தவிர யாராவது வருவாங்களா, மாட்டாங்களா?"

அப்போதுதான் கதவு திறந்தது. பெரியம்மா வந்தாள். அவள் பின்னால் ஒருத்தி, இன்னொருத்தி, ஒருத்தன், இன்னொருத்தன் என்று கையில் காகிதப் பூவோடு வந்துகொண்டே இருந்தார்கள். பலூன் ஒன்றைக் கையோடு கொண்டுவந்தவனும் உண்டு. அந்த அறையில் நிற்க இடமில்லை.

"இவங்கல்லாம் யாரு?" என்றார் பதிவாளர்.

மகள் எழுந்தாள். இந்தக் குழந்தைகள் மேல் அவளுக்குச் சின்ன வயதிலிருந்து பொறாமை. இந்தக் குழந்தைகளா? அப்போதைய குழந்தைகள் வளர்ந்து போய்விட்டார்கள், பொறாமை மட்டும் மாறாமல் இருந்தது. அம்மாவைத் தன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்ட கூட்டம் என்றுதான் நினைத்துவந்தாள். இப்போது அவர்களை இத்தனை கிட்டத்தில் முதல்முறையாகப் பார்த்தாள். மூக்கு ஒழுகிக்கொண்டு, சட்டைப் பொத்தான் மாறிப்போட்டுக்கொண்டு நின்றார்கள். சுண்டுவின் ஷூ வழியிலேயே கழன்றுவிட்டது. அவள் அதைத் தூக்கி மகளிடம் நீட்டினாள்.

"மாட்டிவிடு," என்றாள்.

மகள் தரையில் உட்கார்ந்து மாட்டிவிட்டாள். சுண்டு அதைக் கழற்றி வீசவில்லை. காலை ஆட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"என் தம்பி தங்கச்சிங்க சார்," என்றாள் மகள் பதிவாளரிடம். "பொண்ணு வீட்டுக்காரங்க வந்துட்டாங்க." பிறகு அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் பெரியம்மாவுக்கு அழுகை வந்தது. அதற்கு வெங்காயமும் ஒத்திகையும் தேவைப்படவில்லை. வாய்விட்டு அழுதாள். மாப்பிள்ளை விசிறிக்கொண்டிருந்த கைக்குட்டையைக் கொடுத்தான். அது போதவில்லை, பதிவாளர் தன்னுடையதையும் கொடுத்தார்.

சாப்பிட்டுவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டார்கள். மறுநாள் காலை செயலாளர் கூப்பிட்டனுப்பினாள். பெட்டியைத் தூசி தட்டி வைத்தது நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டே பெரியம்மா போனாள். உள்ளே தலைவரும் இருந்தார். இரண்டு பேர் முகத்திலும் துக்கம் சொட்டியது.

"வருத்தமான விஷயம்," என்றார் தலைவர். "நேத்து நீங்க சொல்லாம லீவு எடுத்துட்டீங்க. விதிப்படி ஒரு நாள்கூட லீவு எடுக்காதவங்களுக்குத்தான் விருது. இனிமே உங்களுக்கு அதைக் கொடுக்க வழியே இல்ல. நல்லவேளை, கேடயத்தை மீசைகிட்ட கொடுத்தோம். அவரே வெச்சுக்கட்டும்."

"என்னை வேலைய விட்டு அனுப்பறீங்களா சார்?"

"சேச்சே, அதுக்காகவா? உங்களுக்குப் பதில் ஆள் யாரு இருக்காங்க? அதுக்காகவா? ஆனா இது பெரிய தண்டனை. உங்க சேவைல ஒரு கறை விழுந்துடுச்சு. இனி எந்தக் காலத்துலயும் அது போகாது."

பெரியம்மா ஓர் அடி முன்னால் வந்தாள்.

"இனி விருது எனக்குக் கிடைக்கவே கிடைக்காதா சார்?"

"கிடைக்கவே கிடைக்காது."

"அப்ப வர்ற ஞாயித்துக்கிழமை லீவு வேணும் சார். பொண்ணும் மாப்பிள்ளையும் விருந்துக்குக் கூப்பிட்டிருக்காங்க. இனிமே கெட்டுப்போக ஒண்ணும் இல்லையே."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கூரையைப் பார்த்தாள். மறுக்க அவர்களுக்கு ஒரு விதியும் அகப்படவில்லை. பெரியம்மா கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

வராந்தாவில் மீசை காத்துக்கொண்டிருந்தார். கக்கத்தில் கேடயம். முகம் தொங்கிப்போயிருந்தது.

"பெரிம்மா, ஒரு உதவி. என் மச்சினிக்கு நாளன்னிக்கு நிச்சயம் பண்றாங்க. சம்சாரம் கூட வந்தே ஆகணும்னு நிக்கறா. காலைல மேடம்கிட்ட லீவு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"உங்க இடத்தை யாராலயும் நிரப்ப முடியாதுன்னு சொல்லிட்டாங்க." மீசை கேடயத்தை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். "லீவு எடுத்தா விருது போயிடுமாம். ஒரே ஒரு நாள் எனக்குப் பதிலா கேட்ல நிக்கிறீங்களா? யாருக்கும் தெரியாது."

பெரியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். கூடத்திலிருந்து சுண்டு ஷூவைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவது தெரிந்தது.

"நிக்கிறேன் போங்க," என்றாள். "ஆனா அழச் சொன்னா மட்டும் என்னால ஆகாது. அதை நேத்தே தீர்த்துட்டு வந்துட்டேன்."